பரிசல் ஒதுங்கும் பக்கம்

பச்சைமலை
8.7.2025

அருமைத் தம்பி நவநீதனுக்கு,

அக்கா கலைமதி எழுதுகிறேன். மலையில் காற்றும் தூறலும் ஆளைப் பிடித்து ஆட்டுகின்றன. மற்றபடி உடம்புக்குக் குறைவில்லை. தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. கணக்கு டீச்சருக்கு அது ஜூன் மாதத்துச் சீர். அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நீ தில்லை நகர் லேபுக்கு ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதானே போய்வருகிறாய்?

இதற்கு மேல் நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. டேய், செஸ்ஸுக்குப் புதுக் காய் கிடைத்துவிட்டது!

போன மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்திருந்தேனே, அன்று முக்கொம்புக்கு மேலே ஒருவர் மீன்பிடிக்கிற பரிசலில் அக்கரைக்குப் போவதைப் பார்த்தேன். எதிர்க்கரையைப் பார்த்து நேராகத்தான் துடுப்புப் போட்டார். போய்ச் சேர்ந்தது நாலு தென்னைமரம் தள்ளி. திரும்பும்போது பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரமாகப் பழைய இடத்துக்கு நடந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கட்டம் போட்டேன்.

விதி இதுதான். இரண்டு குதிரைகளையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு பரிசல். பரிசல் முன்னேயோ பின்னேயோ இரண்டு கட்டம் போகும். போகிறபோதே தண்ணீர் இழுத்து வலப்பக்கம் ஒரு கட்டம் ஒதுக்கிவிடும். இடப்பக்கம் ஒதுங்கவே ஒதுங்காது. நடுவில் யார் நின்றாலும் தாண்டும். இடப்பக்கம் போக வேண்டுமானால் தலையில் தூக்கிக்கொண்டு ஒரே ஒரு கட்டம் நடக்கலாம். அப்போது யாரையும் வெட்ட முடியாது. தலையில் பரிசல் இருக்கும்போது சண்டை எப்படிப் போடுவது?

ஸ்ரீரங்கத்தில் கிளமென்ட் சார் நடத்துகிற புதுக்காய்ப் போட்டிக்கு இதை அனுப்பப்போகிறேன். நிபந்தனை உனக்குத் தெரியும்: இரண்டு பேர் முழுசாக ஆடி முடித்த ஓர் ஆட்டம் டிசம்பர் 5-க்குள் போய்ச் சேர வேண்டும். 14-ஆம் தேதி அதே இருவர் ஹாலில் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து ஆட வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்க யார் வேண்டுமானாலும் கை தூக்கலாம். போன வருஷம் என் மினிபஸ் காய் என்ன ஆனது என்று மறந்திருக்க மாட்டாய். சிப்பாய்களை ஏற்றி இறக்குகிற பஸ். காஜா மைதீன் என்றொருவர் எழுந்து, "ராஜாவே பஸ்ல ஏறிக்கிட்டா யாருக்குங்க செக் வைக்கிறது?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. என் மூக்கு உடைந்தது.

அதுகூடப் பரவாயில்லை. அதைக் கேள்விப்பட்டு அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "செஸ்ல பஸ் விட்டா இப்படித்தான்" என்றாரே, அதுதான் இன்னும் குத்துகிறது. பதினேழு வயதில் நான் ஆட்டத்தை விட்ட பிறகு ஒன்பது வருஷத்தில் செஸ் என்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே வாக்கியம் அது. நான் செய்த ஒரு காயைப் பார்த்து "இது ஆட்டம்தான்" என்று அவர் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். கிளமென்ட் சாரின் பரிசை நீயே வைத்துக்கொள். முப்பது வருஷம் முக்கொம்பு அணையில் லஸ்கராக ஷட்டர் ஏற்றி இறக்கின மனிதரிடம் பரிசலைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்கலாம்தான். எனக்கு வாய் வராது. நீயும் சொல்லாதே.

நீ எனக்கு எதிராளி. இங்கே டவர் கிடைக்க வேண்டுமென்றால் தண்ணீர்த்தொட்டி மேல் ஏற வேண்டும், அதனால் தபால்தான். நகர்வுகள் கார்டில், பேச்சு கடிதத்தில். ஒரே கார்டில் "நீ இப்படி ஆடினால் நான் இப்படி" என்று இரண்டு மூன்று நகர்வு எழுதலாம். வெள்ளை எனக்கு. கட்டங்களுக்கு நம் பழைய பெயர்களே: என் இடக்கையிலிருந்து அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, என் பக்கத்திலிருந்து 1 முதல் 8.

முதல் நகர்வு: உ2 சிப்பாய் உ4. காய்களைச் செய்து அனுப்பு. உன் பல் லேபில் அதற்கு வேண்டிய மாவெல்லாம் இருக்கும்.

அவசரத்திலும் அன்புடன்,
அக்கா

---

முத்தரசநல்லூர்
19.7.2025

அன்பான அக்காவுக்கு,

உன் தொண்டைக்கு அம்மா சித்தரத்தைப் பொடி கொடுத்திருக்கிறாள். பார்சலில் காய்களுக்கு அடியில் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. அப்பா மாத்திரை போடுகிறார். நான் ஹெல்மெட் போடுகிறேன், சத்தியம்.

மேல்வாய்ப் பல்செட்டில் அண்ணத்தில் ஒட்டுகிற தகடு இருக்கிறதே, அதைச் சின்னதாக வார்த்துக் கவிழ்த்தேன். அச்சு அசல் பரிசல்! உனக்கு இரண்டு பிங்க் அக்ரிலிக்கில், எனக்கு இரண்டு பல் அச்சு வார்க்கிற பச்சை ஸ்டோன் மாவில். ஒவ்வொன்றிலும் இன்னொரு ஜோடி வீட்டுக்கு. லேப் முதலாளி தைரியராஜ் அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாருக்குடா இவ்வளவு குட்டி வாய்?" என்றார். சொன்னேன். பாலிஷ் போடும் மிஷினை அவரே எடுத்துக்கொண்டார்.

விதியைப் படித்தேன். எனக்கு ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கவே பயம், உனக்குத் தெரியும். பரிசலில் ஏறினதே இல்லை. காகிதத்தில் போவதால் சம்மதம்.

உ7 சிப்பாய் உ5.

பலகையைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். வேறு இடமில்லை. நீ சொல்லாதே என்றாய், நான் சொல்லவில்லை. ஆனால் அது மேசை, அக்கா. அவர் அங்கேதான் சாப்பிடுவார்.

பல்லைத் தேய்த்துத் தேய்த்து விரல் தேய்ந்த உன் தம்பி,
நவநீதன்

---

பச்சைமலை
27.7.2025

தங்கத் தம்பிக்கு,

சித்தரத்தை வேலை செய்தது. இன்று ஏழாம் வகுப்பை ஒரே அதட்டலில் உட்கார வைத்தேன். அம்மாவுக்கு என் முத்தம். மாடிக்குத் துணி காயப்போட அவளை அனுப்பாதே, நீ போ.

காய்களைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாப்பிலேயே பார்சலைப் பிரித்துவிட்டேன். மரவள்ளி மூட்டையோடு நின்ற ஒரு அம்மா, "பல்லா டீச்சர்?" என்று கேட்டார். பரிசல் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஆ1 பரிசல் இ3-ல் ஒதுங்கியது. என் முதல் பரிசல் தண்ணீரில் இறங்கிவிட்டது நவநீதா! குதிரையாக இருந்தால் இரண்டு பக்கமும் பாயலாம் என்று கை தானாகப் போகிறது; பிறகு தண்ணீர் இழுக்கும் என்று நினைவு வருகிறது. ஒரு பக்கம் அடைபட்டதும் மறுபக்கத்துக்கு எத்தனை கவனம் வந்துவிடுகிறது பார்.

அப்பா காய்களைப் பார்த்தாரா? ஏதாவது சொன்னாரா? முகம் எப்படி இருந்தது? ஒன்று விடாமல் எழுது.

ஆவலில் வேகும்,
அக்கா

---

முத்தரசநல்லூர்
16.8.2025

அன்பு அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். அம்மா ஆடிப்பெருக்குக்கு அம்மாமண்டபம் போய்ப் படித்துறையில் கால் நனைத்துவிட்டு வந்தாள். முழங்கால் ஒன்றும் சொல்லவில்லையாம். உன் மலையில் குளிர் எப்படி? போர்வை போதுமா?

கார்டு தாமதமாகிறது என்று திட்டாதே. யோசிக்க நேரம் வேண்டியிருக்கிறது. லேபில் வேலையும் ஜாஸ்தி.

அப்பா காய்களைப் பார்த்தாரா என்று கேட்டிருந்தாய். பார்த்தார்.

அன்புடன்,
நவநீதன்

---

பச்சைமலை
25.8.2025

யோசிக்கிற தம்பிக்கு,

போர்வை போதும். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன். உனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று சந்தேகம். இல்லையென்றால் ஐந்தாவது நகர்வில் அப்படிப் பிஷப்பைப் பின்னுக்கு இழுத்திருக்க மாட்டாய்!

டேய், நீயா இது? தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் பலகையைக் கவிழ்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடுகிறவன்தானே நீ? இப்போது ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு மூன்று கார்டு பொறுத்திருந்து என் யானையின் வாசலை அடைத்திருக்கிறாய். கம்ப்யூட்டரைக் கேட்டிருப்பாயோ என்று நினைத்தேன். எந்தக் கம்ப்யூட்டருக்கு என் பரிசலைத் தெரியும்? அதனால் நீதான். நம்ப முடியவில்லை, நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நன்றாக ஆடுகிற ஒருவரிடம் மாட்டிக்கொண்டு ஒன்பது வருஷமாயிற்று.

ஒன்று மட்டும் புரியவில்லை. என் பரிசல்கள் பாதிப் பலகை போய்விட்டன. உன்னுடையவை இரண்டும் கரையிலேயே கட்டிக் கிடக்கின்றன. தண்ணீரில் இறக்கு. காகிதத்தில் முழுகிவிட மாட்டாய்.

"பார்த்தார்" என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தாய். அதற்கு ஒரு கடிதமா? பார்த்து என்ன செய்தார்?

டிசம்பர் 14-ஆம் தேதிக்கு இப்போதே லீவு சொல்லி வை. என் எதிரே நீ இருக்க வேண்டும்.

பெருமை தாங்காத,
அக்கா

---

முத்தரசநல்லூர்
14.9.2025

அக்காவுக்கு வணக்கம்,

இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனநிலைதான் வேறு. அம்மா மேசையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இப்போது தரையில் பரிமாறுகிறாள். "பல்லுக்கட்டுற எடத்துலேருந்து பலகைய வேற கொண்டாந்து வச்சிருக்கான். ஒரு வீட்டுல ரெண்டு ஊமை" என்று பக்கத்து வீட்டு வேலம்மாள் அத்தையிடம் புலம்பினாள். நேற்று மேசையைத் துடைக்கும்போது துணி பட்டு ஒரு கறுப்புச் சிப்பாய் விழுந்துவிட்டது. அதற்கு வீட்டில் நடந்த கலவரத்தை எழுதினால் ஒரு குயர் நோட்டு வேண்டும்.

பரிசல்கள் கட்டிக் கிடக்கட்டும். தண்ணீர் வரும்போது இறக்கினால் போதும்.

டிசம்பர் 14-ஆம் தேதி உன் எதிரே ஆள் இருக்கும். கவலைப்படாதே.

குளிருக்குக் காது மறைத்துக்கொள்.

நவநீதன்

---

பச்சைமலை
5.10.2025

தோற்கப்போகும் தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம்தானே? எனக்கு இன்று இருக்கிற உற்சாகத்தில் துறையூர் வரை நடந்தே இறங்கிவிடுவேன்.

கார்டில் எழுத மனசு வரவில்லை, கடிதமாகவே எழுதுகிறேன். பதினெட்டாவது நகர்வு: ராணி இ6. செக்!

பலகையில் வைத்துப் பார். ஒரு பக்கம் உன் ராஜா, மறுபக்கம் மூலையில் உன் யானை. ராஜாவை நகர்த்தினால் யானை போச்சு. சாதாரண செஸ்ஸில் ஆ8-ல் நிற்கிற குதிரை இ6-க்குக் காவல். என் ராணி அங்கே தலைகாட்டவே முடியாது. பரிசலுக்கு அந்தப் பக்கம் கிடையாதே! இந்த ஒரு இடத்துக்காகப் பத்து நகர்வாகத் தவம் இருந்தேன். குதிரை ஆட்டத்தில் வரவே முடியாத முடிவு இது. கிளமென்ட் சாருக்கு இதை விட என்ன அத்தாட்சி வேண்டும்?

பார்க்கிறபோது அப்பா பக்கத்தில் இருந்தால் ஒன்றும் சொல்லாதே. அவர் பார்த்தால் அவருக்கே தெரியும்.

வெற்றி வீராங்கனை,
அக்கா

---

முத்தரசநல்லூர்
13.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் அப்பாவும் நலம். நீ நலமாக இருக்கும்போதே இந்தக் கடிதத்தைப் படித்துவிடு.

ஆ8 பரிசல் இ6-ல் ஒதுங்கியது. அங்கே இருந்த ராணியை வெட்டியது.

கோபப்படாதே அக்கா.

நவநீதன்

---

பச்சைமலை
18.10.2025

நவநீதனுக்கு,

நலம். நலமே விழைகிறேன்.

விதியைப் படித்தாயா, இல்லை பல்செட் சுற்றி வந்த காகிதம் என்று கசக்கிப் போட்டாயா? வலப்பக்கம் ஒதுங்கும் என்று எழுதினேன். கறுப்புக் காய்க்காரனாகிய உனக்கு வலப்பக்கம் என்றால் அ பத்தி இருக்கிற பக்கம். ஆ8-லிருந்து கிளம்புகிற உன் பரிசல் அ6-ல்தான் ஒதுங்க முடியும். நீ இடப்பக்கம் ஒதுக்கி என் ராணியை விழுங்கியிருக்கிறாய்.

மூன்று மாதம் பரிசலைத் தொடாமல் இருந்துவிட்டு, தொட்ட முதல் நாளே தப்பாட்டம். அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு ஏழே வாரம்தான் இருக்கிறது. இந்த ஆட்டத்தை இப்போது எப்படி அனுப்புவது? ஹாலில் இன்னொரு தடவை சிரிப்பு வாங்கித் தரலாம் என்று முடிவே கட்டிவிட்டாயா? எனக்கு அழுகையாக வருகிறது. உடனே என் ராணியைத் திருப்பி வைத்து ராஜாவை நகர்த்து.

கலைமதி

---

முத்தரசநல்லூர்
27.10.2025

அக்காவுக்கு,

தீபாவளிக்கு நீ வராததில் அம்மாவுக்கு வருத்தம். அதிரசம் தனியாக அனுப்பியிருக்கிறாள். கோபத்திலும் சாப்பிடு.

ராணியைத் திருப்பி வைக்க முடியாதாம். காரணத்தைச் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்து மாற்றவில்லை:

"வெள்ளை ஆடுறவங்களுக்கு வலப்பக்கம்னு அவதானே மொதல்ல எழுதுனா? அப்ப ஆறு அந்தப் பக்கம் ஓடுது. எதிர்க்கரையிலேருந்து பரிசலை எடுத்தாலும் அதே பக்கந்தான் ஒதுங்கும். தண்ணி என்ன ஆளப் பாத்தா ஓடுது? எந்தக் கரையில நின்னாலும் அது கல்லணைப் பக்கந்தான் போவும்."

நவநீதன்

---

பச்சைமலை
16.11.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் கலைமதி வணங்கி எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் பிரஷர் எப்படி இருக்கிறது? பலகைக்கு முன் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் வீங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடுவில் எழுந்து நடக்கிறீர்களா?

நவநீதன் பரிசலில் ஏறினதே இல்லை. கல்லணைப் பக்கம் என்று அவனுக்குச் சொல்ல வராது. அந்த நாலு வரியைப் படித்ததும் உங்கள் குரல் அப்படியே காதில் கேட்டது. பிஷப்பைப் பின்னுக்கு இழுத்தது, சிப்பாயைக் கொடுத்தது, மேசைத் துணிக்குக் கலவரம் பண்ணினது எல்லாம் யார் என்று ஒரு நொடியில் புரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேலாக எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கோபம் தணிந்ததும் பள்ளி விட்ட பிறகு தினமும் இரண்டு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன். என் விதியில் பெரிய ஓட்டை இருக்கிறதப்பா! அவரவர் வலப்பக்கம் என்று வைத்தால் என் பரிசலும் உங்கள் பரிசலும் ஒரே கோட்டில் எதிரெதிராக வருகின்றன. நான் உங்களை வெட்ட முடிகிற இடத்திலிருந்து நீங்களும் என்னை வெட்டலாம். முந்துகிறவர் வெட்டுவார், பரிசலுக்குப் பரிசல் போய்விடும், மிச்சம் பழைய செஸ். நீங்கள் உங்கள் பரிசல்களைக் கட்டியே வைத்திருந்ததால் எனக்கு இது தெரியவே இல்லை. காஜா மைதீன் பார்த்திருந்தால் ஐந்தே நிமிஷத்தில் கை தூக்கியிருப்பார்.

உங்கள் ஆற்றில் அப்படி இல்லை. தண்ணீர் இரண்டு பேருக்கும் ஒரே பக்கம் இழுக்கிறது. அதனால் மேலே நிற்கிற பரிசல் கீழே நிற்பதை வெட்டலாம். கீழே நிற்பது மேலே இருப்பதைத் தொடவே முடியாது. முதல் நகர்விலிருந்தே மேற்பக்கம் யாருக்கு என்று சண்டை வந்துவிடுகிறது. வேகமாக ஓடினால் ஏ பத்தியில் போய்த் தட்டி நின்றுவிடுவோம். பிறகு தலையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நடக்க வேண்டும், எதிரி வெட்டக் காத்திருப்பான். நான் ஒரு காயைத்தான் மாற்ற நினைத்தேன். நீங்கள் பலகையையே ஆறாக்கிவிட்டீர்கள். முந்தாநாள் தனியாக ஆடிக்கொண்டிருந்தவள் எழுந்து கத்தியே விட்டேன். ஹாஸ்டல் சமையல்கார அக்கா பாம்பு என்று நினைத்து ஓடிவந்தார்.

ராணியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். விதியைச் சரியாக எழுதாதது என் தப்பு.

இனி இன்னொன்று. சேலம் போட்டியில் ஐந்தாவது ரவுண்டில் பாதியில் எழுந்து வந்தேனே, ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. தோற்கிற நாளில் பஸ்ஸில் நீங்கள் ஒரு வார்த்தை பேசமாட்டீர்கள். டிக்கெட் வாங்குவதோடு சரி. அரியலூரிலிருந்து, கரூரிலிருந்து, வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வருவீர்கள். எதிராளியை விட அந்த பஸ்ஸுக்குத்தான் நான் பயந்தேன். சேலத்தில் தோற்கப்போகிறேன் என்று தெரிந்ததும், இனி என்னால் அந்த பஸ்ஸில் ஏற முடியாது என்று தோன்றியது. அதனால்தான் விட்டேன். ஆட்டம் பிடிக்காமல் விடவில்லை.

கிளமென்ட் சாரின் விண்ணப்பத்தில் ஆட்டம் ஆடிய இருவர் பெயரையும் எழுத வேண்டும். என் பெயருக்குக் கீழே வீரமலை என்று எழுதட்டுமா? 14-ஆம் தேதி என் எதிரே வந்து உட்காருவீர்களா? முடியாது என்றால் அதையும் நீங்களே எழுதுங்கள். நவநீதன் கையெழுத்தில் வேண்டாம்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
கலைமதி

---

முத்தரசநல்லூர்
22.11.2025

செல்வ மகள் கலைமதிக்கு,

அப்பா எழுதுவது. பிரஷர் 140-க்கு 90. கால் வீக்கம் இல்லை. அம்மா, தம்பி சௌக்கியம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூன்று தரம் படித்தேன்.

ராணியைத் திருப்பி வைத்துவிட்டேன். எழுதாத விதியை வைத்து வெட்டின ராணி எனக்கு வேண்டாம். ஆற்றுக்கு ஒரே பக்கம் என்று முதல் வரியில் தெளிவாக எழுது, பிறகு புது ஆட்டம் போடுவோம். கார்டு போய்வர நாளில்லை. வருகிற சனி ஞாயிறு வந்துவிடு. எதிரே உட்கார்ந்து ஆடி முடித்து, திங்கட்கிழமை நானே கிளமென்ட் சாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பெயரை எழுதிக்கொள். இனிஷியல் பெ.

தம்பி முதல் நாள் பலகையை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். சாப்பிட உட்கார்ந்தேன். கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். கை கழுவப் போகும்போது, பலகை ஓரத்தில் கிடந்த உன் கடிதத்தில், பரிசலைத் தலையில் தூக்கினால் வெட்ட முடியாது என்று நீ எழுதியிருந்ததைப் படித்தேன். நானும் தலையில் தூக்கி நடந்திருக்கிறேன், எதிரே வருகிறவன் முகம்கூடத் தெரியாது. இதை நினைத்து எழுதியிருக்கிறாளே என்று தோன்றியது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. உன்னிடம் சொல்லாதே என்று அவனிடம் சொன்னதும் நான்தான். இது ஆட்டம்தான். நல்ல ஆட்டம்.

பஸ் விஷயம். உன் மேல் கோபம் என்று இத்தனை வருஷம் நினைத்திருக்கிறாய். எனக்கு உன் அளவு ஆட்டம் தெரியாது. ஹாலுக்குள் பெற்றவர்களை விடமாட்டார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த காய்களை அப்படியே மனசில் பிடித்துக்கொண்டு, எங்கே தவறிற்று என்று தேடிக்கொண்டு வருவேன். வாயைத் திறந்தால் காயெல்லாம் கலைந்துவிடும். கண்டுபிடிப்பதற்குள் ஊர் வந்துவிடும், நீ முந்தி இறங்கிப் போய்ப் படுத்துக்கொள்வாய். காலையில் சொல்லலாம் என்றால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராது. நீ விட்டபோது ஏன் என்று கேட்காததற்கும் காரணம் உண்டு. உங்களால்தான் என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருந்தது.

சேலத்தில் நீ தோற்கவில்லை அம்மா. யானையை மூலையிலிருந்து ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தால் தப்பித்திருப்பாய். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று. அதற்குள் நீ பலகையைப் பரண் மேல் போட்டுவிட்டாய். நேரில் வா, வைத்துக் காட்டுகிறேன்.

14-ஆம் தேதி ஸ்ரீரங்கத்திலிருந்து வீட்டுக்கு வரச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற வேண்டும். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஜெயித்தாலும் தோற்றாலும் ஏறினதிலிருந்து இறங்குகிற வரை நான் பேசிக்கொண்டுதான் வருவேன். நடுவில் போதும் என்று சொல்லக் கூடாது.

ஆசிகளுடன்,
அப்பா